ஒரே பீடம், இரண்டு கூடம்

நெல்லைச் சீமையின் தென்கோடியில், ராதாபுரம் வட்டாரத்தில் இருக்கிறது வடக்கன்குளம். அங்கே 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலில் பீடம் ஒன்று; மக்கள் நின்று பூசை காணும் கூடம் இரண்டு. பீடத்தருகே சேர்ந்து தொடங்கிய அந்தக் கூடங்கள், போகப்போக விலகித் தனித்தனி வாசல்களில் முடிந்தன. ஒன்றில் வெள்ளாளர் நின்றார்கள், மற்றதில் நாடார்கள் நின்றார்கள். இரு தரப்பாரும் ஒரே சாமியாரைப் பார்த்தார்கள், ஒரே மந்திரங்களைக் கேட்டார்கள், ஒரே அப்பத்தை நாவில் வாங்கினார்கள். ஆனால் பூசை முடியும்வரை ஒரு கூடத்தில் நிற்பவர் கண்ணில் மறு கூடத்தில் நிற்பவர் படமாட்டார்.

கட்டி முடித்த கோயிலுக்குள் பிற்பாடு யாரோ தட்டி வைத்து மறைத்த கதையல்ல இது. அஸ்திவாரம் தோண்டும்போதே பிரிவினைக்கும் சேர்த்து அளவெடுத்தார்கள். சுண்ணாம்பும் செங்கல்லும் வாங்கிய கணக்கில் சாதிக்கும் செலவு எழுதப்பட்டது. தமிழ்நாட்டுப் பங்குக் கோயில்களின் வரலாற்றை எழுதுபவர்கள் கோபுர உயரம், மணியின் எடை, வந்துபோன குருக்களின் பட்டியல் என்று பக்கங்களை நிரப்புவது வழக்கம். கோயிலுக்குள் யார் எங்கே நின்றார்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், அதே வரலாறு வேறு விதமாகத் திறக்கிறது. வடக்கன்குளம் அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான சான்று. ஆனால் தனிச் சான்று அல்ல.

அந்த ஊரில் கிறித்தவம் காலூன்றியது 1680இல், ஒரு நாடார் பெண்ணின் மனமாற்றத்தோடு என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி. 1685இல் ஒரு சிறு கோயில் எழுந்தது. மறவர் நாட்டில் அருளானந்தர் என்று பெயர்பெற்ற ஜான் டி பிரிட்டோவின் காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குரு ஒருவர் தங்கிப் பணிசெய்யும் அளவுக்குச் சபை பெருகியது. பனையேறிப் பிழைத்தவர்களே தொகையில் அதிகம். வெள்ளாளர்கள் குறைவு; ஆனால் எழுத்தறிவும் நிலமும் அவர்கள் பக்கம் இருந்தன. ஊருக்குக் குரு எப்போதாவதுதான் வந்துபோவார் என்ற காலத்தில், செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வைத்ததே சட்டம். எழுத்தறிந்தவர் கையில் உபதேசியார் வேலை. உபதேசியார் கையில் கோயில் நிர்வாகம்.

இதே ஊரில்தான் 1745ஆம் ஆண்டு மே 14 அன்று நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரசு அலுவலர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தளபதியாக உயர்ந்த டச்சுக் கம்பெனி அலுவலர் டிலனாய் மூலம் கிறித்தவத்தை அறிந்தவர் அவர். எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்துக்கு வந்து, புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்றார். மனைவி பார்கவி ஞானப்பூ என்ற பெயரோடு கிறித்தவரானார். ஞானப்பூவின் கல்லறை வடக்கன்குளத்திலேயே இருக்கிறது. தேவசகாயம் 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது மேல்தட்டினரின் வெறுப்பை அவர் மேல் திருப்பியது என்று திருச்சபை அவரைப் பற்றிச் சொல்கிறது. 2022ஆம் ஆண்டு மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டி வந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் விலக்கப்பட்டது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே மண்ணில் நூறாண்டுக்கு மேல் கழித்து இரண்டு கூடங்களோடு கோயில் எழுந்தது என்பதை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது? கடற்கரையிலிருந்து வரவில்லை. முத்துக்குளித்துறையில் 1530களின் நடுவில் பரதவர்கள் கூட்டமாகத் திருமறைக்கு வந்தபோது ஊரே ஒரு சமூகமாக இருந்தது. மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை போன்ற துறைகளில் ஊரும் கோயிலும் ஒன்று. மேசைக்காரர், கமாரக்காரர் என்ற இரு பிரிவினருக்கு இடையிலான உள்பூசல்கள் அங்கே பிற்பாடு வெடித்தது உண்மை. அது பணமும் பதவியும் சார்ந்த சண்டை. தீட்டுக்காக எழுப்பிய சுவரல்ல.

சிக்கல் உள்நாட்டில் தொடங்கியது. மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசு சபையார் பரதவர்களுக்காக ஒரு கோயில் வைத்திருந்தார். 1606இல் அங்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, அந்தக் கோயிலோடு ஒட்டாமல் தனிக் குடில் போட்டுச் சந்நியாசியாக வாழத் தொடங்கினார். பறங்கிகளோடு சேர்ந்தவர் என்ற பேச்சு எழுந்தால் உயர்சாதியார் யாரும் நெருங்கமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. ஒரே நகரில் ஒரே சபையின் இரண்டு கோயில்கள். 1623இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் அனுமதி தந்தபோது நொபிலியின் வழி வென்றது. ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் போவதற்கென்று 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். ஆக, கோயிலுக்குள் சுவர் வருவதற்கு முன்பே குருக்களுக்கு இடையே சுவர் வந்துவிட்டது.

நொபிலியை இன்றைய அளவுகோலால் மட்டும் அளந்து தள்ளிவிடுவது எளிது. தமிழையும் வடமொழியையும் அவர் கற்ற ஆழம் பெரிது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாதி என்பது உலகியல் வழக்கம், அதற்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை என்ற அவரது வாதம், பின்னால் வந்த முந்நூறு ஆண்டுகளுக்குச் சுவர் கட்டியவர்களின் கையில் ஆதாரமாகிவிட்டது.

உரோமை இதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் திருத்தந்தை வெளியிட்ட ஆணை, எந்தச் சாதியாராக இருந்தாலும் ஒரே கோயிலில் ஒரே நேரத்தில் பூசை காண வேண்டும் என்றது. ஆணையின் எழுத்தை மீறாமல் அதன் உயிரை எடுத்துவிட வழி கண்டுபிடித்தார்கள்: கோயில் ஒன்றுதான், நேரம் ஒன்றுதான், நடுவில் ஒரு குட்டைச் சுவர். சிலுவை வடிவில் கட்டிய கோயில்கள் இதற்கு வெகு வசதி. நீண்ட கூடம் ஒரு சாதிக்கு, பக்கச் சிறகு இன்னொரு சாதிக்கு. வாசலும் தனி. கிராதியருகே நற்கருணை வாங்கும் வரிசையிலும் முன்பின் உண்டு.

அந்தச் சுவரை அருகில் நின்று பார்த்ததுபோலக் காட்டும் பதிவு ஒன்று, கிறித்தவர் அல்லாத ஒருவரிடமிருந்து கிடைத்திருக்கிறது. புதுச்சேரியில் துய்ப்ளேயின் ஆட்சிக்காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1745 அக்டோபரில் சம்பா கோயிலில் நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் சேரி மக்களுக்குத் தைரியம் சொல்ல, அவர்கள் பெரிய சாமியாரிடம் திரண்டு போய், தாங்களும் அவருக்குப் பிள்ளைகள்தானே, பிறகு எதற்குச் சுவர் என்று நேராகக் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததோடு விவகாரம் அடங்கவில்லை. துபாஷி கனகராய முதலியாரின் குடும்பத்துப் பெண் ஒருவர் நகையும் மெல்லிய துகிலுமாகக் கோயிலுக்கு வந்ததைக் குரு கண்டிக்க, சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். வழக்குக் கவர்னர் வரைக்கும் போனது.

இந்தப் பதிவில் கவனிக்க வேண்டியது சேரி மக்கள் கேட்ட அந்தக் கேள்வி. திருத்தந்தையின் ஆணை வந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஆனால் சுவரை அசைத்தது ஆணையைவிட அந்த மக்கள் திரண்டு போனதுதான். சமயப் பணியாளர்களின் கடிதங்களை மட்டும் வைத்து எழுதிய வரலாறுகளில் ஒடுக்கப்பட்டோர் ஞானஸ்நானம் பெறும் எண்ணிக்கையாக மட்டும் வருகிறார்கள். இங்கே வாய் திறந்து பேசுகிறார்கள்.

சீர்திருத்தச் சபையிலும் கதை வேறல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் கோயிலிலேயே சாதிவாரியாக இடம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவர், சாதி வழக்கத்தில் கைவைத்த புதிய குருமாரை எதிர்த்து நின்று 1829இல் சபைப் பணியை இழந்தார். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியை அறவே விட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் கூட்டம் கூட்டமாக மக்கள் கோயிலை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் பின்னாளில், இந்த விஷயத்தில் நெகிழ்ந்துகொடுத்த லைப்சிக் லுத்தரன் சபைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வெளியேறிப் போக வேறு வாசல் இருந்தது என்பதே இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு தென்னாட்டுப் பங்குகளைக் கோவாக் குருக்கள் பார்த்துவந்தார்கள். 1837இல் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரைக்குத் திரும்பி வந்தபோது, போர்த்துக்கல் அரசரின் ஞானாதிக்க உரிமையைப் பிடித்துக்கொண்ட கோவாக் குருக்கள் கோயில்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஊருக்கு ஊர் வழக்கு. இங்கே ஒரு சாமியார், அடுத்த தெருவில் இன்னொரு சாமியார். ஒரே ஊரில் இரண்டு பங்குகள் இருப்பதற்கு முத்துக்குளித்துறையிலும் தஞ்சைப் பக்கத்திலும் இந்தச் சண்டை ஒரு காரணம். பங்குச் சாமியார் சாதி வழக்கத்தில் கைவைத்தால், மறுநாளே பத்துக் குடும்பம் எதிர்ச் சாமியாரிடமோ இங்கிலீஷ் மிஷனிடமோ போய்விடும். நம்பிக்கையால் சுவர் கட்டிய குருக்கள் குறைவு. பயத்தால் கட்டியவர்கள் அதிகம். வடக்கன்குளத்தின் 1872ஆம் ஆண்டுக் கோயிலும் இப்படி ஒரு சமரசத்தின் விளைவு. யாரையும் இழக்காமல் எல்லாரையும் ஒரு கூரைக்குள் வைக்க முயன்றார்கள். கூரை நின்றது. சமரசம் நாற்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை.

அந்த நாற்பது ஆண்டுகளில் மாறியவர்கள் நாடார்கள். பனங்காட்டை விட்டு வண்டிப்பேட்டைகளுக்கும் கடைவீதிகளுக்கும் அவர்கள் வந்துவிட்ட காலம். மிஷன் பள்ளிகளில் படித்த தலைமுறை தலையெடுத்தது. 1899இல் சிவகாசிக் கலவரம் நடந்தது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்தது வழக்காகி, மதுரையில் தொடங்கி லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கோயிலுக்குள் நுழைய அவர்களுக்கு உரிமையில்லை என்று பேரரசின் உச்ச நீதிமன்றமே சொன்னது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. அதே 1910இல் வடக்கன்குளத்தில், கௌசானல் அடிகளார் பணியாற்றிய காலத்தில், கோயிலின் இரு கூடங்களையும் பிரித்த நடுத்தடுப்பு இடித்து அகற்றப்பட்டது.

வெள்ளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். கோயில் தங்கள் முன்னோர் கட்டியது, தனியிடம் தங்கள் பரம்பரை உரிமை, அதைப் பறிக்க ஆயருக்கும் அதிகாரமில்லை என்பது அவர்கள் வாதம். திருநெல்வேலியில் தொடங்கிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் 1916 வாக்கில் முடிந்தது. கத்தோலிக்கக் கோயிலில் இட ஏற்பாடு திருச்சபை அதிகாரிகளின் பொறுப்பு. சாதியைக் காரணம் காட்டி மற்றவரை விலக்கும் உரிமையைக் கிறித்தவர் கோர முடியாது என்று தீர்ப்பாயிற்று. கமுதியில் தோற்ற சமூகம் வடக்கன்குளத்தில் வென்றது. இரு வழக்குகளுக்கும் இடையே பத்து ஆண்டுகூட இல்லை. தமிழ்நாட்டுக் கோயில் நுழைவு வரலாற்றைப் பேசும்போது 1939 மதுரையிலிருந்து தொடங்குவதே பழக்கமாகிவிட்டது. வடக்கன்குளத் தீர்ப்பையும் அந்த வரிசையில் சேர்த்துப் படிப்பதே முறை.

இந்த வெற்றிக்கு ஒரு வரம்பு உண்டு. வடக்கன்குளத்துச் சுவர் விழுந்தது, எண்ணிக்கையும் வசதியும் கல்வியும் பெற்றுவிட்ட ஒரு சமூகத்துக்கு. பள்ளர், பறையர் கிறித்தவர்கள் நின்ற ஊர்களில் அத்தனை சீக்கிரம் விழவில்லை. தென்னாட்டுத் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் கோயிலுக்குள் தாங்கள் படும் பாட்டைச் சைமன் கமிஷனுக்கு மனுவாக எழுதிக்கொடுத்தார்கள். அம்பேத்கர் அந்த மனுவைத் தம் எழுத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார். மதம் மாறியும் தீண்டாமை மாறவில்லை என்று அவர்கள் சொன்னதை வேறு யாரும் அவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கோயில் கூடங்களில் இருந்த சுவர்கள் பெரும்பாலும் மறைந்தன. மறைந்தன என்று எழுதுவதைவிட இடம் மாறின என்று எழுதுவதே பொருத்தம். முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரை அகற்றக் கோரிப் பலமுறை போராட்டம் நடந்திருக்கிறது. அடுத்தது திருவிழா. கொடியேற்றம் யார் பொறுப்பு, மண்டகப்படி யாருக்கு எந்த நாள், தேர்வடத்தில் முதலில் கைவைப்பவர் யார், சப்பரம் எந்தத் தெரு வரைக்கும் போய்த் திரும்பும். கோயில் கூடத்துக்குள் பேச முடியாமல் போன சாதி இந்தக் கேள்விகளில் வந்து குடியேறியது. சேரித் தெருவுக்குள் திரும்பாத தேர் செய்யும் வேலையும் சுவர் செய்த வேலையும் ஒன்று. முதல் மரியாதைக்காக நடந்த வழக்குகளின் எண்ணிக்கை கொஞ்சமல்ல.

கடைசியாக அது பங்கின் எல்லைக்கே வந்து நின்றது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் இதைக் காணலாம். ஊரின் பழைய செபமாலை மாதா கோயிலில் வன்னியக் கிறித்தவர்களே பெருந்தொகை. தலித் கிறித்தவர்களுக்கு உள்ளே தனியிடம், சவ ஊர்வலத்துக்குப் பெரிய தெருவில் வழியில்லை என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. அவர்கள் தங்கள் பகுதியில் சகாய மாதா பெயரில் ஒரு கோயில் கட்டிக்கொண்டு, அதைத் தனிப் பங்காக அறிவிக்கும்படி மறைமாவட்டத்தைக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாநோன்பு இருந்தார்கள். மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். ஒரே மாதாவின் பிள்ளைகள் என்று சொல்லப்பட்ட ஊரில் பிணங்கள் விழுந்தன.

எறையூரின் கோரிக்கையை வடக்கன்குளத்தோடு ஒப்பிட்டால் தலைகீழ் மாற்றம் ஒன்று தெரிகிறது. 1872இல் தனியிடம் கேட்டவர்கள் மேலே இருந்தவர்கள். மற்றவர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகக் கேட்டார்கள். 2008இல் தனிப் பங்கு கேட்டவர்கள் கீழே வைக்கப்பட்டவர்கள். சேர்ந்து நிற்கும் இடத்தில் சம மதிப்புக் கிடைக்காததால் கேட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் ஒரே தராசில் வைத்து, கிறித்தவர்களே பிரிந்து போகலாமா என்று அறிவுரை சொல்வதுண்டு. அந்த அறிவுரை நியாயமற்றது. ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, ஒன்றாக வைத்திருக்கும் பொறுப்பை நிறைவேற்றியவர்களுக்கே உண்டு. தமிழக ஆயர்கள் 1990இல் தலித் கிறித்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். அறிவித்துப் பதினெட்டு ஆண்டு கழித்துத்தான் எறையூர் எரிந்தது.

இந்த வரலாறு எழுதப்படாமல் இல்லை. வடக்கன்குளத்தை மையமாக வைத்து ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'கிறித்தவமும் சாதியும்' தமிழில் இத்துறைக்கு வழிகாட்டி நூல். ஆனால் ஊர்தோறும் நூற்றாண்டு விழாவுக்கு அச்சாகும் பங்கு மலர்களில் இதற்கு இடமில்லை. ஆயரின் ஆசியுரை, குருக்களின் படம், நன்கொடையாளர் பட்டியல், புதுக் கோபுரத்தின் வண்ணப்படம். பழைய கோயிலின் பக்கவாசல் எதற்காக வைக்கப்பட்டது, அது எந்த ஆண்டு அடைக்கப்பட்டது என்று ஒரு வரி இராது. பழைய கட்டடம் இடிபட்டுப் புதிது எழும்போது அந்த வாசலும் போய்விடுகிறது. பிறகு கேட்டாலும் காட்டுவதற்குக் கல்கூட மிஞ்சாது.

ஏடுகள் இன்னும் இருக்கின்றன. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் திருமணப் பதிவேடுகளிலும் பல இடங்களில் சாதி குறிக்கப்பட்டிருக்கிறது. மதுரை மிஷனின் கடிதங்களும் நாளேடுகளும் கொடைக்கானல் அருகே செண்பகனூர் இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கோயில் கணக்குப் புத்தகங்கள் பங்கு மனைகளின் அலமாரிகளில் கிடக்கின்றன. கட்டுமானத்துக்கு எந்தத் தெரு எவ்வளவு பணம் கொடுத்தது, எந்தத் தெரு கல் சுமந்தது, கட்டி முடித்தபின் எந்தத் தெருவுக்கு எந்த வாசல் கிடைத்தது என்ற மூன்று கேள்விகளுக்கு இவற்றைக் கொண்டு ஊர்வாரியாக விடை எழுதிவிடலாம். அந்த வேலையை வெளிநாட்டு ஆய்வாளருக்காகக் காத்திருக்காமல், அந்தந்தப் பங்கில் படித்த பிள்ளைகளே செய்ய முடியும். செல்லரித்த பக்கங்களைப் படமெடுத்து வைப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.